எந்த ஊருக்குப் போகட்டும்?

சின்னம்மா மகள் ஒரு ராத்திரி போன் போட்டாள். "அண்ணே, விசா வந்துடுச்சு. ஆனா மெல்போர்ன்ல இருக்கக் கூடாதாம். விக்டோரியா மாநிலத்துலயே வெளியூர்ப் பக்கம்தான் இருக்கணுமாம். எந்த ஊருக்குப் போகட்டும்? நீதான் நாலு விசயம் படிக்கிறவன், சொல்லு."

நான் உடனே பதில் சொல்லவில்லை. பதில் தெரியாதது ஒரு பக்கம். எங்கள் வம்சத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை என்பது இன்னொரு பக்கம். எங்கே குடியிருப்பது என்று எங்கள் தாத்தா யோசித்ததே கிடையாது. அவருக்கும் சேர்த்து ஊர் யோசித்து வைத்திருந்தது. ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஐப்பசி மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில். ஆடிக் காற்று ஊரைத் தொட்டுவிட்டு எங்களிடம் வரலாம், எங்களைத் தொட்டுவிட்டு ஊருக்குப் போய்விடக் கூடாது. காற்று வரைக்கும் கணக்குப் போட்டவர்கள் எங்களிடம் விருப்பமா கேட்கப் போகிறார்கள்?

அவளுக்கு முப்பத்தி நாலு வயசு. நர்சு. வளைகுடாவில் ஆறு வருசம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்காரர் டீசல் மெக்கானிக். பையனுக்கு ஆறு வயசு. காலனியிலிருந்து இப்படி ஒரு குடும்பம் புறப்படுவது இதுதான் முதல் தடவை. அதனால்தான் அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வெளிநாட்டுக்குப் போய் கிராமத்தில் குடியேறுவது இப்போது வசதியுள்ளவர்களின் கனவுகளில் ஒன்றாகிவிட்டது. இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வு பெற்றதும் பிரான்சிலும் ஸ்பெயினிலும் கல்வீடு தேடுகிறார்கள். சிசிலியில் ஆள் போய்விட்ட ஊர்களில் பாழடைந்த வீட்டை ஒரு யூரோவுக்கு விற்கிறார்கள் என்று எங்கள் கிளையில் ஒரு அதிகாரி சாப்பாட்டு நேரத்தில் படம் காட்டினார். பணி ஓய்வுக்குப் பிறகு அங்கே போய்த் தக்காளி போடப் போகிறாராம். அவர் கேட்கிற கேள்விகள்: ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமா? காய்கறி மருந்தில்லாமல் கிடைக்குமா? ஜனங்க நல்ல ஜனங்களா? போகட்டும், அவர் கனவு அவருக்கு. ஆனால் ஜனங்க நல்ல ஜனங்களா என்ற கேள்வியை நாம் அப்படி மொட்டையாகக் கேட்டுவிட முடியாது. எங்கள் ஊரிலும் நல்ல ஜனங்கள்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பார்கள். பந்தல் போடுவதற்கு முந்தின நாளே வந்து வாசலில் நின்று வைத்துவிட்டுப் போவார்கள், சாப்பாட்டுக்கு வந்துவிடக் கூடாதே என்று.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்துப் பேசும்போது, கிராமத்தைக் குடியரசு என்று கொண்டாடியவர்களை அம்பேத்கர் வெளுத்து வாங்கினார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காகத் தனக்கு மகிழ்ச்சி என்றார். அவர் சொன்னது இந்தியக் கிராமத்தை. ஆனால் நான் அந்தப் பேச்சோடுதான் ஆஸ்திரேலியா வரைபடத்தையும் விரித்தேன். வேறு கண்ணாடி என்னிடம் இல்லை.

வீடு தேடுகிற விசயத்தில் எனக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. வங்கியில் சேர்ந்ததும் ஒரு சிறு நகரத்தில் போட்டார்கள். "பேங்க்காரர்" என்று புரோக்கர் சொன்னதும் கதவெல்லாம் திறந்தது. காபியெல்லாம் வந்தது. அப்புறம் அந்த மூன்று கேள்விகள். சொந்த ஊர் எது? அந்த ஊரில் எந்தத் தெரு? அசைவம் உண்டா? ஒரு வீட்டில் முதல் இரண்டையும் எப்படியோ தாண்டி அட்வான்சும் கொடுத்துவிட்டேன். சாமான் இறக்குகிற அன்று டெம்போவில் பாய்க்கு மேலே அம்பேத்கர் படம் இருந்தது. சாயங்காலமே புரோக்கர் அட்வான்சைத் திருப்பிக்கொண்டு வந்தார். "பொண்ணு பிரசவத்துக்கு வருதாம் சார்." அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது. அதே வீட்டுக்காரர் வாரம் ஒரு முறை என் கவுண்ட்டருக்கு வருவார். நான் எண்ணிக் கொடுத்த நோட்டை என் கையிலிருந்தே வாங்கிக்கொள்வார். நோட்டுக்குத் தீட்டு இல்லை. நான் இரண்டு வருசம் காலனியிலிருந்தே ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தேன்.

இனி அவள் விசயம். அவளுக்குக் கிடைத்த விசாவின் எண் 491. 2019 நவம்பரில் வந்தது. ஐந்து ஆண்டு செல்லும். அதில் மூன்று ஆண்டு பெருநகருக்கு வெளியே வாழ்ந்து, சம்பாதித்து, வருமான வரித் தாள்களைக் காட்டினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வெளியூர் என்று அவர்கள் சொல்வதே வேடிக்கை. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர நாட்டின் மற்ற இடமெல்லாம் வெளியூர்தான். 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் பெர்த்தும் வெளியூர், ஆயிரம் பேர் வாழும் கோதுமைக் கிராமமும் வெளியூர். விக்டோரியா பரிந்துரைத்ததால் இவள் அந்த மாநிலத்துக்குள் தேட வேண்டும். மெல்போர்னுக்கு 75 கிலோமீட்டரில் ஜீலாங் இருக்கிறது, பெரிய ஊர், ரயில் உண்டு. அங்கிருந்து மேற்கே, வடக்கே போகப் போக வயலும் வானமும்தான்.

இதே கதவுக்குள் நுழைய இன்னொரு சாவியும் இருக்கிறது. எண் 494. அதில் வெளியூர் முதலாளி ஒருவரே உங்களை அழைக்க வேண்டும். இவளோடு வளைகுடாவில் வேலை பார்த்த பெண் அப்படித்தான் போனாள். சின்ன ஊர், ஒரே ஒரு முதியோர் இல்லம். வேலை அவர்களுடையது, குடியிருக்கிற வீடு அவர்களுடையது, வேலைக்கு வந்து கூட்டிப் போகிற வண்டியும் அவர்களுடையது. வேலையை விட்டால் 180 நாளுக்குள் வேறு முதலாளி பிடிக்க வேண்டும். ஒரே முதலாளி இருக்கிற ஊரில் எங்கே போய்ப் பிடிப்பது? "நல்லவங்கதான்ணே, சம்பளம் கரெக்டா வருது. ஆனா நைட் டூட்டி மாத்திக் கேக்கறதுக்கே அவளுக்குப் பயம்" என்றாள் இவள். எனக்கு உடனே என் அம்மாயி ஞாபகம் வந்தது. பண்ணையில் வேலை, பண்ணை மனைக்கட்டில் குடிசை. ஆண்டை கோபித்துக்கொண்டால் கூலியும் போகும், கூரையும் போகும். டாலரில் சம்பளம் வருவதால் இரண்டும் ஒன்றில்லை என்று சொல்லலாம். சம்பளம் ஒன்றில்லைதான். பயம் ஒன்றுதான்.

ஆகவே நான் முதலில் எழுதி அனுப்பியது இதுதான்: போகிற ஊரில் இரண்டு ஆஸ்பத்திரியாவது இருக்கட்டும். ஒரு இடத்தில் சண்டை போட்டுவிட்டு அதே ஊரில் தொடர்ந்து வாழ முடியுமா என்று பார். மலை தெரிவதை அப்புறம் பார்க்கலாம்.

அவள் சும்மா விடுகிற ஆளா? "பிலோவீலா இல்லையாண்ணே?" என்றாள்.

நியாயமான கேள்வி. பிலோவீலா குவீன்ஸ்லாந்தில், பிரிஸ்பேனிலிருந்து சுமார் 600 கிலோமீட்டரில், 6000 பேருக்கும் குறைவாக வாழும் ஊர். இலங்கையிலிருந்து படகில் தப்பி வந்த நடேஷும் பிரியாவும் அங்கேதான் குடியேறினார்கள். நடேசுக்கு மாட்டிறைச்சி ஆலையில் வேலை. மாட்டை அறுப்பது அந்த ஊரின் பிழைப்பு, யாருக்கும் அதில் கேவலமில்லை. 2016இல் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகக் கட்டிவைத்து அடிபட்ட நம்ம பிள்ளைகளை நினைத்தபடியேதான் அதை நான் படித்தேன். இரண்டு பெண் குழந்தைகளும் அங்கேயே பிறந்தன. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அதிகாரிகள் வந்து நால்வரையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த ஆண்டு நாடு கடத்த விமானத்தில் ஏற்றியும் விட்டார்கள். நீதிமன்றத் தடை வந்து விமானம் டார்வினில் இறங்கியது. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு. சின்னக் குழந்தை அங்கே நோயில் விழுந்து பெர்த் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வரைக்கும் நிலைமை போனது. இத்தனைக்கும் அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. மனு, ஊர்வலம், வழக்கு என்று நான்கு வருசம். 2022 மேயில் ஆட்சி மாறியது. ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசா. ஒரு நாட்டுப்புற ஊர் கறுத்த தோல் உள்ள நாலு பேருக்காக அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியது பெரிய விசயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறு வருசம், 2023 அக்டோபர் 14, அந்த நாட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடிகளை அரசியலமைப்பில் அங்கீகரித்து, நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல ஓர் அவை தரலாமா என்பது கேள்வி. நாடு முழுக்க ஏறக்குறைய 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பிலோவீலா சேர்ந்த தொகுதியில் வேண்டாம் என்றவர்கள் அதைவிடவும் பெரிய பெரும்பான்மை. வந்த தமிழ்க் குடும்பத்துக்காக ஊர் திரண்டது. அந்த மண்ணிலேயே ஆயிரமாயிரம் வருசமாக இருந்தவர்களுக்குச் சுற்றுவட்டாரம் இல்லை என்றது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஊர் உன்மேல் காட்டுகிற அன்பு ஊரைப் பற்றிய சான்றிதழ் ஆகாது. எங்கள் ஊர் ஆண்டைகூட எங்கள் அப்பாவைப் படிக்க வைத்தவர்தான். அப்பாவின் தம்பி கூலி உயர்த்திக் கேட்டபோது மரத்தில் கட்டியவரும் அவர்தான்.

இதையெல்லாம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. ஆஸ்திரேலிய ஊர் எதைப் பார்த்தாலும், இதில் சேரி எங்கே இருந்தது என்று தேடுவது. தேடினால் கிடைக்கிறது. நியூ சவுத் வேல்சில் மோரி என்ற ஊர். அங்கே நகராட்சியின் நீச்சல் குளத்தில் பூர்வகுடிகள் இறங்கக் கூடாது. 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் என்ற பூர்வகுடி மாணவர் சிட்னி பல்கலைக்கழகத்திலிருந்து ஏறக்குறைய 30 மாணவர்களோடு பஸ் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மோரியில் ஒதுக்குப்புறக் குடியிருப்பின் பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் குளத்தில் இறக்கினார்கள். கூட்டம் முட்டையும் தக்காளியும் வீசியது. மஹாத்துக்கு 38 வருசம் கழித்து, வேங்கைவயலுக்கு 57 வருசம் முன்னால், இன்னொரு கண்டத்தில், அதே தண்ணீர்.

இங்கே ஒரு வாக்குமூலம். என் முதல் தொகுப்பில் எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. அல்லி, படித்துறை, பனை நிழல் எல்லாம் வரும். கூட்டங்களில் விரும்பிக் கேட்பார்கள். அந்தக் குளத்தில் நான் ஒரு நாளும் குளித்தது கிடையாது. எனக்கு நீச்சலே தெரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஊரைச் சுற்றி மூன்று நீர்நிலை இருந்தும்.

சரி, விக்டோரியாவுக்கே வருகிறேன். மேற்கே கோதுமை வெளியில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் நில். ஏறக்குறைய 2000 பேர். நம்ம காதில் அந்தப் பெயர் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே நில், தள்ளி நில். ஆனால் அந்த ஊரில் நடந்தது வேறு. வாத்து இறைச்சி ஆலைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2010 வாக்கில், பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து மெல்போர்னின் மேற்குப் புறநகரில் இருந்த கரேன் மக்களை அழைத்தார்கள். அழைப்பதற்கு முன்னால் ஊரைத் தயார் செய்தார்கள், வீடு பார்த்து வைத்தார்கள், கரேன் குடும்பங்கள் முதலில் வந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் சில குடும்பம், அப்புறம் மெல்ல மெல்ல. 2015இல் வந்த ஒரு ஆய்வு, இதனால் அந்த வட்டாரப் பொருளாதாரத்துக்கு ஐந்து வருசத்தில் 4 கோடியே 15 லட்சம் டாலர் சேர்ந்தது என்று கணக்குச் சொன்னது. நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன்தான். இருந்தாலும் ஒரு ஜனத்தின் வரவை லாபக் கணக்கில் எழுதித்தான் நியாயப்படுத்த வேண்டியிருக்கிறதே என்று உறுத்தியது. ஆலை மூடினால் அந்தக் கணக்கு என்ன ஆகும்? ஆனாலும் அவர்கள் கூட்டமாகப் போனார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள். இவள் தனியாகப் போகிறாள்.

தனியாக என்றதும் இன்னொரு முடிச்சு. ஜீலாங் போனால் மெல்போர்ன் பக்கம், தமிழ் ஆட்கள் கிடைப்பார்கள், பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி. அவள் தயங்கினாள். வளைகுடா விடுதியில் ஒரு தமிழ்ப் பெண் இரண்டு வருசம் இவள் டப்பாவில் மீன் குழம்பு அள்ளிச் சாப்பிட்டவள். ஊரைப் பற்றிப் பேச்சு வந்து, காலனி என்ற வார்த்தை இவள் வாயிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவளுக்கு மீன் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டதாம். "தமிழ் பேச ஆளில்லாத ஊர்ல பைத்தியம் புடிச்சிடும்ணே. ஆள் இருந்தா எந்தத் தெருன்னு கேப்பாங்க. எதுண்ணே தேவலாம்?" இதற்கு வயலும் வானமும் தீர்வென்று சொல்கிறவன் நாக்கை இழுத்து வைத்து அறுக்க வேண்டும். எல்லோரும் சாதிக்காரர்களாகத்தான் இருப்பார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அங்கேயும் நம்ம ஆட்கள் இருப்பார்கள், வாய் திறக்காமல் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கிற அளவுக்காவது ஊர் பெரிதாக இருக்க வேண்டும்.

இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நான் நின்ற இடம் ஷெப்பர்ட்டன். மெல்போர்னுக்கு வடக்கே சுமார் 180 கிலோமீட்டர். பழத்தோட்டங்கள், பழம் பதனிடும் ஆலை, பெரிய ஆஸ்பத்திரி. 50 ஆயிரம் பேருக்கு மேல். அல்பேனியாக்காரர்கள் 1960இலேயே மசூதி கட்டிய ஊர். பிறகு ஈராக்கியர், காங்கோக்காரர், பஞ்சாபிகள் என்று பல ஜனம். டீசல் மெக்கானிக்குக்கும் பிழைப்பு இருக்கும். இது சொர்க்கம் என்று சொல்லவில்லை. 2023 வாக்கெடுப்பில் அந்தத் தொகுதியிலும் வேண்டாம்தான் ஜெயித்தது. நான் அங்கே நின்றதற்குக் காரணம், அந்த ஊரின் சேரி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாநில எல்லை தாண்டி கும்மரகுஞ்சா என்ற பூர்வகுடிக் குடியிருப்பு இருந்தது. அங்கே நிர்வாகியின் கொடுமையும் பட்டினியும் தாங்காமல் 1939 பிப்ரவரியில் சுமார் 200 பேர் மூட்டை முடிச்சோடு வெளியேறி மர்ரே ஆற்றைத் தாண்டி விக்டோரியாவுக்குள் வந்தார்கள். பல குடும்பங்கள் வந்து சேர்ந்த இடம் ஷெப்பர்ட்டனுக்கும் மூருப்னாவுக்கும் நடுவே கோல்பர்ன் ஆற்றோரத் தாழ்நிலம். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குகிற இடம். கோணிப்பை, தகரம், மரப்பட்டை வைத்துக் குடிசை. 1954இல் எலிசபெத் ராணி அந்தச் சாலையில் போனபோது, குடிசைகள் கண்ணில் படாமலிருக்கச் சாக்குத் திரை கட்டி மறைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆஸ்திரேலியா அந்நிய நாடாகவே இல்லை. பள்ளம், வெள்ளம், சாக்குத் திரை. தேர் வருகிறபோது எங்கள் தெரு முனையில் கட்டுவார்களே, அதே திரை.

அந்த மக்கள் அப்படியே கிடந்துவிடவில்லை. 1958இல் ரும்பலாரா என்ற இடத்தில் பத்து சிமெண்ட் வீடு வந்தது. நம்ம காலனி வீடு மாதிரி. அந்தப் பெயரிலேயே பின்னால் அவர்களே ஒரு கூட்டுறவு அமைப்பை உண்டாக்கினார்கள். இன்றைக்கு அதுவே மருத்துவச் சேவை நடத்துகிறது, முதியவர்களைப் பராமரிக்கிறது. ரும்பலாரா என்று கால்பந்துக் குழுவும் உண்டு. நர்சுக்கு அங்கே வேலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வந்த மூன்றாம் நாளே போய்க் கதவைத் தட்டிவிடாதே, அது அவர்கள் இடம், அவர்கள் கூப்பிட்டால் போ என்றும் எழுதினேன். ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1892இல் கிடைத்த பஞ்சமி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற ஜனம் நாம். பறிகொடுத்தவள் ஒருத்தி, இன்னொருவர் பறிகொடுத்த நிலத்தில் போய்க் குடியேறுகிறாள். வெள்ளைக்காரன் தருகிற விசாவில் இது எழுதியிருக்காது.

வீட்டைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொன்னேன். வாடகை மலிவு என்று ஆற்றோரம் எடுக்காதே. 2022 அக்டோபரில் ஷெப்பர்ட்டனும் மூருப்னாவும் மறுபடி வெள்ளத்தில் நின்றன. வெள்ள வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து மேட்டில் எடு, வாரம் இருபது டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை. மூணு தலைமுறை பள்ளத்தில் இருந்தாச்சு.

"மேட்டுல வீடு கெடச்சா ஆஸ்பத்திரி தூரம்ணே. அங்க பஸ் சொற்பமாம். ராத்திரி டூட்டி முடிச்சு எப்படி வர்றது?" என்றாள். உண்மைதான், அதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்காரர் வண்டி ஓட்டுவார். ஆனால் அவருக்கும் ஷிப்டு வரும், கோபம் வரும், தண்ணி போடுகிற நாள் வரும். பஸ் இல்லாத ஊரில் வண்டி ஓட்டத் தெரியாத பெண்ணின் கதி என்ன என்பதை ஆம்பளை நான் எழுதிய மூன்று பக்கத்தில் ஒரு வரியாகக்கூட எழுதவில்லை.

அவளே முடிவு பண்ணிவிட்டாள். டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறாள். டவுனில் டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிக் காலையில் ஆறு மணிக்குப் போகிறாள். முன்னால் ஓட்டுவது வந்துவிட்டதாம், ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் இன்னும் கம்பத்தில் இடிக்கிறாளாம்.